ஹட்டனுக்குப் போன ஆசிரியர்

ஒரு பத்திரிகை ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டால் ஊர் பல காரணங்கள் சொல்லும். சண்டை என்பார்கள், கடன் என்பார்கள். அவர் அடுத்துப் போய் எங்கே உட்கார்ந்தார் என்பதை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கொழும்பில் 'தேசபக்தன்' நடத்திய கோ. நடேசய்யர் மலையேறிய கதையும் பல காலம் இப்படித்தான் பேசப்பட்டது.

தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' நடத்திய அனுபவத்தோடு இலங்கை வந்தவர் அவர். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்'. இடையில் ஆங்கிலத்திலும் 'சிட்டிசன்' என்றொரு ஏடு. ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் அவருக்கு வலக்கரம். சட்ட நிரூபண சபையில் உறுப்பினர். கொழும்பிலே ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர் எட்டக்கூடிய உயரத்தையெல்லாம் எட்டிவிட்ட மனிதர் என்றே சொல்லலாம்.

1920களின் கடைசியில் காற்று மாறியது. வேலையில்லாத் திண்டாட்டம் வந்ததும் குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். நடேசய்யர் பதில் எழுதினார். நண்பர்கள் பிரிந்தார்கள். தோற்றுப்போய் மலைக்கு ஓடினார் என்று கூறியவர்களுக்கு இந்தச் சண்டை ஒன்றே போதுமானதாக இருந்தது.

எனக்கு அது போதவில்லை. நுவரெலியாவில் 1875 முதல் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. பந்தயப் பத்திரிகை போடுகிறவன் திடலை விட்டுத் தூரப் போவானா? குதிரையின் கால் நொண்டுவதைக் கண்ணால் பார்த்தால்தானே அவனால் எழுத முடியும். நடேசய்யருக்கு அந்தத் திடல் லயத்து வாசல். புடவை வியாபாரி வேடம் போட்டுக்கொண்டு அவர் தோட்டங்களுக்குள் நுழைந்தது முன்பே நடந்த கதை. வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று துரைமார் வழக்குப் போடக்கூடிய காலம் அது. கொழும்பில் இருந்தபடியே எழுதலாம்தான். ஆனால் யாருக்காக எழுதினாரோ, அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. பேப்பர் வாங்கக் கையில் காசும் கிடையாது.

1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உயர்மலைத் தோட்டத்து ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்சம்பளம் கட்டப்பட்டிருந்தது. தேயிலை விலை விழுந்ததும், சம்மேளனம் தோன்றிய அதே 1931இல், அதிலும் கை வைத்தார்கள். ஆசிரியர் ஹட்டனுக்கு வந்து சேர்ந்த வேளை அது.

வந்தவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 'நீ மயங்குவதேன்?' 1931இல் வந்தது. 1937இல் தொழிலாளரின் அந்தரப் பிழைப்பைப் பற்றி ஒரு நாடகம். கட்டுரை எழுதிய கை நாடகத்துக்குப் போனதைக் கவனியுங்கள். படிக்கத் தெரியாதவனும் நாடகம் பார்ப்பான், பாட்டுக் கேட்பான். இந்த இடத்தில் அவர் மனைவி மீனாட்சியம்மாளை விட்டுவிட்டுப் பேசுவது அநியாயம். 'தேசபக்த'னிலே எழுதிய அந்த அம்மாள், தொழிலாளர் கூட்டங்களில் பேச்சுக்கு முன்னால் எழுந்து நின்று பாடினார். தலையங்கம் சொல்ல வேண்டியதை ஜனங்களுக்குப் பழகிய மெட்டிலே சொன்னார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அவர் பாடல்கள் 1940இல் நூலாயின. மலையக இலக்கிய வரலாற்றில் அந்தச் சிறு நூலுக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சாரல் நாடன் 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' எழுதிய பிறகுதான் இந்த மனிதரை நம்மில் பலர் முழு உருவத்தில் கண்டோம்.

ஹட்டன் தொகுதி 1936இல் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பிறகு இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோட்டங்களில் வேரூன்ற, அவருடைய செல்வாக்குக் குறைந்தது. 1947 ஜூனில் கொழும்பில் 'சுதந்திரன்' தொடங்கியபோது முதல் ஆசிரியர் அவரே. விட்டுப்போன ஆசிரிய நாற்காலிக்கு மறுபடி வந்தார். அதே ஆண்டுப் பொதுத் தேர்தலில், ஹட்டனுக்கு அடுத்த புகையிரத நிலையமான நம் கொட்டகலை தனித் தொகுதியாக நின்று, காங்கிரஸ் சார்பில் கே. குமாரவேலுவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. நவம்பர் 7ஆம் திகதி நடேசய்யர் காலமானார். மறு ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது.