கல்யாணப் பட்டியலில் இருக்கும் பர்மா

போன மாசம் காரைக்குடிப் பக்கம் ஒரு நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழை இலையும் காய்கறியும் கொடுக்க ஒத்துக்கிட்டேன். "பட்டியல் போடுற அன்னிக்கு நீங்களும் வந்துருங்க தம்பி, எந்தக் காய் கிடைக்கும் கிடைக்காதுன்னு அப்பவே தெரிஞ்சுக்கலாம்"னு வீட்டு ஆச்சி சொன்னாங்க. போனேன்.

சமையல் மாஸ்டர் நோட்டுல பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியா மஞ்சள்னு எழுதினார். அப்புறம் "எத்தனை புள்ளி ஆச்சி?"ன்னு கேட்டார். நகரத்தார்ல புள்ளின்னா கல்யாணமான ஒரு குடும்பம். கோயிலுக்கு வரி போடுறதும் புள்ளிக் கணக்குத்தான். 120 புள்ளின்னு ஆச்சி சொன்னதும், மாஸ்டர் அதை மூணால பெருக்கி, மேலே கொஞ்சம் ஏத்தி, 400 இலைன்னு முடிச்சார். நூறு பேருக்கு 12 கிலோ அரிசி. ஆக மதியச் சாப்பாட்டுக்கு 48 கிலோ. காலைப் பலகாரம், இடைப்பலகாரம் எல்லாம் மளமளன்னு ஓடிச்சு. கடைசியா "கவுனி 12 கிலோ"ன்னு எழுதினார்.

நகரத்துல இருக்கிறவங்களுக்குக் கருப்பு கவுனி இப்போ சர்க்கரைக்காரங்க சாப்பிடுற சத்து அரிசியாத்தான் தெரியும். செட்டிநாட்டுல அது கல்யாண இனிப்பு. ராத்திரியே ஊறவைச்சு, குழைய வேகவைச்சு, சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் நெய்யும் போட்டுக் கிளறுவாங்க. இந்த அரிசி பர்மாவுல இருந்து வந்ததுன்னுதான் இங்கே எல்லாரும் சொல்றாங்க. பர்மாக்காரர்கள் பசை அரிசியைச் சொல்லும் பேரும் ஏறக்குறைய 'கௌஞின்' என்றுதான் ஒலிக்கும்.

இந்த அரிசியோட கதை ஒரு விவசாயிக்குக் கொஞ்சம் நெருடலான கதை.

1852ல் கீழ் பர்மா வெள்ளைக்காரன் கைக்குப் போனது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு ஐரோப்பாவிலும் கிராக்கி கூடியது. ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டி வயலாக்க ஜனங்கள் வந்து குவிந்தார்கள். மாடு வாங்க, நாற்று நட, கூலி கொடுக்கப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் சம்சாரிக்குக் கடன் கொடுக்காது. கொடுத்தது நம்ம ஊர்ச் செட்டியார்கள்தான். 1930 வாக்கில் பர்மாவில் 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. கடை என்றால் மளிகைக் கடை இல்லை, வட்டிக் கடை. செட்டிநாட்டு வீடுகளில் இன்னிக்கும் நீங்க தடவிப் பார்க்கிற தேக்குத் தூண்களுக்குப் பின்னாடி அந்த நெல் வயல்கள் இருக்கு.

1930ல் உலகமெங்கும் விலை சரிந்தபோது நெல் விலையும் விழுந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் நிலத்தில் 6 சதவீதம் அவர்களிடம் இருந்தது. 1938ல் அது 25 சதவீதம், ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். செட்டியார்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, கொடுத்த பணம் திரும்பினால் போதும் என்றே இருந்தார்கள் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். நம்புகிறேன். ஆனா எங்க தாத்தா மழை பொய்ச்ச ஒரு வருஷம் ரெண்டு ஏக்கரை அடமானத்துல விட்டவர். வாங்கினவர் ஆசைப்பட்டு வாங்கினாரா, வேற வழியில்லாம வாங்கினாராங்கிறது தாத்தாவுக்குப் பெரிய வித்தியாசமா இருந்திருக்காது.

செட்டியார்களுக்கும் அது நிலைக்கவில்லை. 1942ல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்கள் பலர், வழியிலேயே செத்தவர்களும் பலர். 1948ல் பர்மாவுக்கு விடுதலை கிடைத்தது. அந்த வருஷமே நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் வந்தது. பத்திரங்கள் பெட்டியில் அப்படியே கிடந்தன.

பர்மா அரிசி நின்றதும் சென்னை மாகாணத்திலும் ரேஷன் வந்தது. 1952ல் ராஜாஜிதான் அதை எடுத்தார். ஆச்சியின் மாமியாருக்கு யுத்தம் நடந்த சமயத்தில்தான் கல்யாணமாம். "எங்க மாமியா பட்டியல்ல கவுனியே இல்லை தம்பி. அவுகளுக்குச் சாகுற வரைக்கும் அது ஒரு குறை"ன்னாங்க ஆச்சி.

மாஸ்டர் கவுனியைக் கடையில வாங்கலாம்னார். நான் தயங்கித்தான் சொன்னேன், என்கிட்டயே இருக்குன்னு. போன வருஷம் கண்மாய் பெருகினதால அரை ஏக்கர் போட்டிருந்தேன். ஆள் உயரத்துக்கு வளர்ந்து, கதிர் முத்துற நேரத்துல பாதி சாஞ்சுபோச்சு. மிச்சத்துல வந்தது நாலு மூட்டை.

மறுநாள் ஒரு படி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி அதை வேகவைச்சு, விரல்ல எடுத்து நசுக்கிப் பார்த்தாங்க.

"நல்லாத்தான் இருக்கு. பர்மாக் கவுனி அளவுக்குப் பசை இல்லை"ன்னாங்க. அப்புறம் மாஸ்டர்கிட்ட, "12 கிலோவையும் தம்பிகிட்டயே எடுத்துக்க"ன்னாங்க.