ஷோரூம் ஜீப் பிச்சாவரம் சேற்றில் ஓடுமா?

இந்த எபிசோடுக்கான கேள்வி ரொம்ப சிம்பிள். ஷோரூம்ல இருந்து எடுத்த ஃபோர் வீல் டிரைவ் வண்டி. டயர் மாத்தல, லிஃப்ட் கிட் போடல, வின்ச் கிடையாது. அதை அப்படியே ரோட்டை விட்டு இறக்கினா எவ்வளவு தூரம் போகும்?

பதிலை நான் பிச்சாவரத்துல கொண்டுபோய் முடிக்கப் போறேன். ஏன்னா, ஜீப் எதுக்காகப் பிறந்தது, எங்க நின்னுபோகுதுங்கிற ரெண்டையும் அந்த மண்ணு தெளிவா காட்டிடும்.

முதல்ல 1940. அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்டது: எங்களுக்குச் சின்னதா, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேணும், எடை 590 கிலோவுக்குள்ள இருக்கணும், மாதிரி வண்டியை 49 நாள்ல கொண்டுவரணும். பான்டம் என்கிற சின்ன கம்பெனிதான் அந்தக் கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. எடையை மட்டும் யாராலும் எட்ட முடியவில்லை. கடைசியில் வில்லிஸ் கம்பெனியின் வடிவம்தான் பெருமளவில் தயாரானது. அது சுமார் 1,100 கிலோ, 60 குதிரைசக்தி. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள்.

இங்க ஒண்ணு கவனிங்க. ராணுவம் முதல்ல கேட்டது பெரிய டயரோ, பெரிய என்ஜினோ இல்லை. எடை குறைவா இருக்கணும்னு கேட்டாங்க. சிக்கினா நாலு சோல்ஜர் இறங்கித் தள்ளிவிடணும், அவ்வளவுதான்.

அந்த வண்டி நம்ம ஊருக்கு வந்த கதை

1945ல் மஹிந்திரா & முகமது என்று ஒரு கம்பெனி தொடங்கியது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948ல் கம்பெனி பெயர் மஹிந்திரா & மஹிந்திரா ஆனது. அவர்கள் பாகங்களாக இறக்குமதி செய்து பூட்டிக் கொடுத்த வண்டி, அதே வில்லிஸ் ஜீப்.

தார் ரோடு இல்லாத நாட்டுல அரசாங்கத்துக்குன்னே செஞ்ச வண்டி மாதிரி அது அமைஞ்சுபோச்சு. தாசில்தார், பி.டி.ஓ., போலீஸ், காட்டிலாகா எல்லாருக்கும் ஜீப். கிராமத்துல ஜீப் சத்தம் கேட்டா அரசாங்கம் வந்திருக்குன்னு அர்த்தம். வண்டிப்பாதை, வரப்பு, அறுவடை முடிஞ்ச வயல், தோப்பு மணல், எல்லாத்துலயும் எந்த மாற்றமும் செய்யாமலேயே அது ஓடிச்சு. இன்னிக்கு ஷோரூம்ல நிக்கிற வண்டியும் இதையெல்லாம் தாராளமா செய்யும்.

அப்ப எங்க நிக்கும்? கணக்கு போட்டுப் பார்ப்போம். டயருக்குள்ள எவ்வளவு காற்றழுத்தமோ, ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்தைத்தான் டயர் மண்ணு மேல கொடுக்கும். 30 பிஎஸ்ஐன்னா, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. 60 கிலோ ஆள் ஒத்தக்கால்ல நின்னா அரை கிலோகூட வராது. மனுஷன் காலே புதையற சேத்துல நாலு மடங்கு அழுத்தம் கொடுக்கிற வண்டி என்ன ஆகும்? காத்தை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினா அழுத்தம் பாதியாகும். மணல்ல அது பெரிய வித்தியாசம், செலவும் இல்லை. ஆனா அப்பவும் அது மனுஷன் காலைவிட ரெண்டு மடங்கு.

இன்னொண்ணு, பழைய ஜீப்ல டிஃபரன்ஷியல் லாக் கிடையாது. முன்னால ஒரு சக்கரம், பின்னால ஒரு சக்கரம் வழுக்கிடுச்சுன்னா மத்த ரெண்டும் சும்மா நிக்கும். பேருதான் ஃபோர் வீல் டிரைவ்.

"சரி, மாடிஃபை பண்ணிட்டா?" ராணுவமே அதைப் பண்ணிப் பார்த்துச்சு. ஜீப்பைச் சுற்றிப் படகு மாதிரி உடல் கட்டி, ஃபோர்டு கம்பெனி 1942ல் ஜிபிஏ என்ற வண்டியைச் செய்தது. எடை 1,600 கிலோவுக்கு ஏறிப்போனது. கொஞ்சம் அலை எழும்பினால் தண்ணீர் உள்ளே வந்தது. கரையேறும் சேற்றில் சிக்கியது. 12,000க்கும் மேல் செய்தபிறகு, 1943லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கூட்டின ஒவ்வொரு கிலோவையும் அந்தச் சேறு கணக்கு பார்த்துடுச்சு.

இப்ப பிச்சாவரம்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடல்ல சேர்ற இடத்துக்கு நடுவுல இருக்கிற அலையாத்திக் காடு. சிதம்பரத்தோட பழைய பேரான தில்லையே இந்தக் காட்டு மரத்தோட பேருதான். கிள்ளை வழியா வர்ற ரோடு படகுத்துறையோட முடிஞ்சிடும். அதுக்கு மேல துடுப்புப் படகு.

வண்டி போகாததை மட்டும் வச்சு நான் இதைச் சொல்லல. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொத்தமாக வெட்டினார்கள். வெட்டின இடத்தில் வெயில் நேரடியாக விழுந்தது. மண்ணின் ஈரம் காய்ந்து தரை தாழ்ந்து, தொட்டி மாதிரி ஆனது. அலையோடு வந்த உப்புத்தண்ணீர் திரும்பிப் போகவில்லை. தேங்கி வற்றி, உப்பு ஏறிக்கொண்டே போனது. அலையாத்தி மரமே முளைக்க முடியாத அளவுக்கு உப்பு.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். அலைத்தண்ணீர் வந்து போக ஆரம்பித்தது, உப்பு குறைந்தது, வாய்க்கால் ஓரம் நட்ட கன்றுகள் பிழைத்தன. 2004 சுனாமியில் இந்தக் காடு தனக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அலையின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தது. 2022ல் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது.

தரை கொஞ்சம் தாழ்ந்ததுக்கே இவ்வளவு. டயர் தடம்னா என்ன? அதுவும் தண்ணி தேங்கற ஒரு பள்ளம்தானே? ஒரு தடத்தால காடு அழியாது. ஆனா ரீல்ஸ் எடுக்க ஒருத்தர் இறங்கினா பின்னாலேயே பத்துப் பேர் இறங்குவாங்க.

அதனால கேள்விக்கு என் பதில் இது. ஷோரூம் வண்டி, நீங்க நினைக்கிறதைவிட ரொம்ப தூரம் போகும். லட்சக்கணக்குல செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு பிரஷர் கேஜும் ஒரு நல்ல பம்பும் வாங்குங்க. வண்டியை ஓட்டறதுக்கு முன்னாடி இறங்கி நடந்து பாருங்க. உங்க கால் புதையுதுன்னா, வண்டியை அங்கேயே நிறுத்திடுங்க. பிச்சாவரத்துல பக்கத்துலயே படகு நிக்குது.