பற்றிலிருந்து மருந்தொட்டு வரை: தோல்வழி மருத்துவ வரலாறு – ஒரு நோக்கு

மூலிகையை அரைத்துத் தோலில் இட்டு நோய் தீர்க்கும் வழக்கம் உலகின் பல்வேறு சமூகங்களிலும் தொன்றுதொட்டு நிலவி வந்துள்ளது. சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 ஆக வகுத்து, கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு எனப் பெயரிட்டு வழங்குகின்றது. இக்கால மருந்தொட்டுகளைக் கண்டு, 'இவை நம் முன்னோர் அறிந்தவையே' எனப் பெருமிதம் கொள்வாருமுளர். பழைய பற்றுகளை மூடநம்பிக்கையென ஒதுக்குவாருமுளர். இவ்விரு கூற்றுகளும் வரலாற்றுக்கு எத்துணை பொருந்துவன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1845ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஷெகட், டே என்னும் இருவர் இறப்பர் கலந்த ஒட்டுப் பிளாஸ்ரருக்குக் காப்புரிமை பெற்றனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பெலடோனாச் சாறும் மிளகாய்ச் சாறும் சேர்ந்த பிளாஸ்ரர்கள் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் பெருவழக்காயின. பெலடோனாவின் நச்சுப் பொருள் தோலினூடே உடலுட் புகுந்தது உண்மையே. ஆயின் எவ்வளவு புகுந்தது என்பதை எவரும் அறிந்திலர். இலையின் வீரியம் நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுபட்டது. சிலருக்குப் பயன் கிட்டவில்லை. வேறு சிலருக்கோ நாவறட்சியும் பிதற்றலும் ஏற்பட்டன. எனவே, அப்பிளாஸ்ரர்களின் குறை மூலிகையில் அன்று, அளவின்மையிலேயே இருந்தது எனலாம்.

தோலின் புறத்தேயுள்ள கொம்புப்படை ஏறத்தாழ 10 முதல் 20 மைக்கிரோமீற்றர் தடிப்பே உடையது. எனினும் அதுவே உடலின் அரணாகும். கொழுப்பிற் கரையவல்ல சிறிய மூலக்கூறுகளே அதனை எளிதிற் கடப்பன. ஈரமான புகையிலையைக் கொய்த தொழிலாளர் நிக்கொட்டின் நஞ்சினால் நோயுற்றமை 1970இல் புளோரிடாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. இயற்கையே தோலின் வாயிலைக் காட்டிய நிகழ்ச்சி இது.

அவ்வாயிலை அளந்து திறந்தவர் அலெஜாந்திரோ சபரோனி ஆவார். 1968இல் அல்சா நிறுவனத்தை நிறுவிய இவர், 1971இல் மருந்தூட்டும் ஒட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸ்கொப்பொலமீன் ஒட்டு, பயணக் குமட்டலைத் தடுக்கக் காதின் பின்புறம் ஒட்டப்படுவது. அதிலுள்ள 1.5 மில்லிகிராம் மருந்தில் ஏறத்தாழ 1 மில்லிகிராம், நுண்துளைச் சவ்வொன்றினூடாக மூன்று நாட்களிற் சீராக வெளியேறும். இதே ஸ்கொப்பொலமீன் நம் வேலியோரத்து ஊமத்தையிலும் உண்டு என்பது ஈண்டு நோக்கற்பாலது. மிளகாயின் காரப்பொருளான கப்சைசினும் 2009இல் 8 வீதச் செறிவுடைய ஒட்டாக, நரம்பு வலிக்கென மீண்டும் அரங்கேறியது.

இவையனைத்தும் தனிப் பொருளால் ஆனவை. முழுமூலிகைச் சாறோ பல பொருள்களின் தொகுதி. ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் தோலைக் கடக்கும், சில கடவா. புதினாவின் மென்தோல் போன்றவை பிற பொருள்களுக்கு வழியமைத்துக் கொடுப்பதும் உண்டு. ஆதலின் மூலிகை ஒட்டு ஆக்க முனைவோர் எப்பொருள், எவ்வளவு, எந்நேரத்திற் கடக்கின்றது என்பதைப் பரவற் கலங்களில் அளந்தறிதல் இன்றியமையாதது.

முன்னோர் தோலை மருந்தின் வழியெனக் கண்டனர். அவ்வழியே செல்வதை அளக்கும் கருவி அவர்களிடம் இருக்கவில்லை. அவர்களை வெறுமனே போற்றுவதும் தூற்றுவதும் அளக்கும் உழைப்பிலிருந்து நம்மை விடுவிப்பனவே. அவ்வுழைப்பை மேற்கொள்வதே அவர்தம் அறிவுக்கு நாம் செலுத்தும் உண்மையான மதிப்பாகும்.