தொடக்கக்கால வானொலி நாடகத்தில் குரலும் ஓசையும்

வானொலி நாடகத்தின் வரலாற்றை ஓசை எழுப்பும் உத்திகளின் வளர்ச்சியாகச் சொல்வது வழக்கம். தொடக்கக்காலச் சான்றுகளைப் பார்த்தால், ஓசைகளைச் சரிவரப் பிடிக்க முடியாத அன்றைய மைக்கின் குறையே மனிதக் குரலை இக்கலையின் ஆணிவேராக்கியது எனத் தோன்றுகிறது. பிபிசியின் லண்டன் நிலையம் 1924 ஜனவரி 15 அன்று ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூஸின் ‘டேஞ்சர்’, வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களுள் ஒன்று. வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்கப் போனவர்கள், விளக்கணைந்து இருளில் சிக்கிக்கொள்கிறார்கள். நேயர்களும் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கும்படி சொல்லப்பட்டார்கள். இளைஞன், இளம்பெண், முதியவர் என முக்கியப் பாத்திரங்கள் மூன்றே. பேசுவது யார் என்பது குரலைக் கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிடும். சுரங்கத்தின் எதிரொலிக்காக நடிகர்கள் வாளிக்குள் தலையை விட்டுப் பேசினார்களாம். கதையில் வரும் வெடிச்சத்தம்தான் பெரும்பாடாக இருந்தது. நிலையத்தில் அமர்ந்து கேட்ட பத்திரிகையாளர்களுக்காகத் தயாரிப்பாளர் நைஜல் பிளேஃபேர் பக்கத்து அறையில் தனியாக ஒரு வெடியை வெடிக்க வைத்தார் என்று ஹியூஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த வசதி வீட்டில் கேட்டவர்களுக்கு இல்லை. விபத்தின் கோரத்தை அவர்களுக்கு உணர்த்தும் பொறுப்பு பாத்திரங்களின் பதறிய பேச்சின் மேல்தான் விழுந்தது.

இருட்டு ஒரு சாக்கு. கண்ணுக்கு வேலையில்லாத கதையைத் தேடிப்பிடித்ததால்தான் குரல் போதுமானதாயிற்று என்று வாதிடலாம். முதல் முயற்சியைப் பொறுத்தவரை இது நியாயமே. ஆனால் 1928இல் லான்ஸ் சீவ்கிங் தயாரித்த ‘கலைடோஸ்கோப்’ ஒரு மனிதனின் பிறப்பு முதல் இறப்பு வரை எந்தச் சாக்கும் இல்லாமல் காட்சிக்குக் காட்சி தாவியது. பல ஒலிக்கூடங்களிலிருந்து வந்த பேச்சையும் இசையையும் ஒரே கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து கூட்டிக் குறைத்துக் கலந்தார்கள். அப்படியானால் அதன்பின் கருவி குரலை வென்றுவிட்டதா? இல்லை; அந்தப் பலகை செய்த பெரிய காரியம், குரலை இடத்தின் பிடியிலிருந்து விடுவித்ததுதான். மேடையில் ஒருவர் தம் மனத்துக்குள் நினைப்பதையும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லியாக வேண்டும். மைக்கின் முன்னால் அதை முணுமுணுத்தாலே போதும்.

குரலின் வலிமைக்கு இன்னொரு சாட்சி பிரான்சில் இருக்கிறது. மூழ்கும் கப்பலைப் பற்றி 1924இல் எழுதப்பட்ட ‘மரேமோட்டோ’ நாடகத்தின் அபயக்குரலை நேயர்கள் உண்மையென்று நம்பிவிடுவார்கள் என அதிகாரிகள் அஞ்சினார்கள். நாடகத்துக்குத் தடை விழுந்தது; 1937இல்தான் அது அங்கே முறையாக ஒலிபரப்பானது.