லாரிக்குள் படுக்கை வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நம் பள்ளிக் குழுவில் ஒருவன் புது லாரியின் கேபின் படம் போட்டிருந்தான். ஏசி, சீட்டுக்குப் பின்னால் மெத்தை, செல்போன் சார்ஜ் போட வசதி, எல்லாம் இருந்தது. கீழே இன்னொருவன், "இனி டிரைவருக்கு என்ன குறைச்சல், வீடு மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தான். எழுதியவன் நல்ல பையன்தான். ஆனால் அந்த மெத்தை முதலில் யாருக்காக வந்தது, இன்று அதில் யார் படுக்கிறார்கள் என்பது பெரிய கதை.

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்தில் முப்பத்தைந்து வருடம் பாடம் சொன்னவன் நான். வகுப்பில் "யாருக்கெல்லாம் அப்பா லாரிக்குப் போயிருக்கார்?" என்றால் பாதிக் கைகள் உயரும். அதனால் இந்த வரலாறு எனக்குப் புத்தகத்தில் மட்டும் படித்ததல்ல.

1954-இல் டாடா கம்பெனி ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு சேர்ந்து இங்கே லாரி செய்யத் தொடங்கியது. முன்னால் மூக்கு நீண்ட அந்த லாரிகளை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல லாரிகள் வெறும் சேஸிஸாகத்தான் நம் ஊருக்கு வரும். கேபினும் பாடியும் நம் தச்சர்களும் டிங்கர்களும் கட்டியவை. படுக்கை என்று தனியாக எதுவும் கிடையாது. லோடு மேல் தார்ப்பாயில் படுப்பார்கள், வண்டிக்கு அடியில் நிழலில் படுப்பார்கள், வடக்கே போனால் தாபாவில் கயிற்றுக் கட்டில் கிடைக்கும்.

1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு போட்டது. நெடுந்தூர வண்டி என்றால் அனுமதி வாங்கிக்கொண்டு நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம் என்றது. நல்ல சட்டம். ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. நம் பக்கம் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்கள்தானே அதிகம்? நேற்றுவரை கிளீனராக இருந்தவர் பங்காளியோடு சேர்ந்து கடன் வாங்கி ஓனர் ஆன ஊர் இது. அந்தச் சட்டம் இவர்கள் வாசல்வரைகூட வரவில்லை.

1975-இல் நேஷனல் பர்மிட் வந்தது. ஒரே பர்மிட்டில் பல மாநிலம் போகலாம் என்றானபின் நடையின் நீளமே மாறிவிட்டது. பெங்களூர் போய் வந்தவர்கள் கல்கத்தா, டெல்லி என்று கிளம்பினார்கள். இப்போது தூக்கம் பெரிய கேள்வியாகிவிட்டது. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90-ஆவது விதி இதற்கு ஒரு பதில் சொன்னது. நேஷனல் பர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும்; டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும், மாற்று டிரைவர் நீட்டிப் படுத்துத் தூங்கும்படி ஒரு சீட் இருக்க வேண்டும். யார் எழுதியதோ, லாரியில் போய்ப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது. ஒருவர் ஓட்டுவார், ஒருவர் தூங்குவார். வண்டி ஓடிக்கொண்டிருப்பதால் காற்றும் வரும். அந்தப் படுக்கை இரண்டாவது டிரைவருடையது.

அந்த இரண்டாவது டிரைவர் எங்கே போனார்? கணக்கைப் போட்டால் தெரியும். நாமக்கல்லிலிருந்து டெல்லி சுமார் 2,400 கிலோமீட்டர். லோடு வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் என்று வைத்துக்கொண்டால் 600 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றாலே 54,000 ரூபாய், இது போக மட்டும். இதற்கு மேல் டோல், டயர், இன்சூரன்ஸ், மாதத் தவணை. 2013 ஜனவரியிலிருந்து டீசல் விலையை மாதம் 50 பைசாவாக ஏற்றத் தொடங்கி, 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். 2018 ஜூலையில் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். லாரிக்காரர்களுக்கு நல்லதுதானே என்பீர்கள். இருக்கிற லாரிகளே அதிகச் சரக்கைச் சுமந்தால் லோடுக்குப் போட்டி கூடும், வாடகை இறங்கும். ஓனரால் டீசலைக் குறைக்க முடியாது, தவணையைக் குறைக்க முடியாது. ஆளைக் குறைக்க முடியும். லைசென்ஸ் எடுத்த கிளீனர் பேப்பரில் இரண்டாவது டிரைவர் ஆனார். பிறகு கிளீனரும் இல்லாமல் போனார். 2018-இல் அந்த இரட்டை டிரைவர் விதியும் தளர்த்தப்பட்டது. இதில் ஓனரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் நம் சொந்தக்காரர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. வாடகையை முடிவு செய்வது அவர்கள் கையில் இல்லை.

ஆக, டிரைவர் ஒருவர், படுக்கை ஒன்று. அவர் தூங்க வேண்டுமானால் வண்டி நிற்க வேண்டும். மே மாதம் நாக்பூர் பக்கம் இரவில்கூட அந்தத் தகரப் பெட்டிக்குள் படுத்துப் பாருங்கள்.

இங்கேதான் மின்சாரம் வருகிறது. என்னிடம் அறிவியல் படித்தவர்கள் கவனியுங்கள். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றும் 120 ஆம்பியர்-மணி என்றால் 24 பெருக்கல் 120, அதாவது 2,880 வாட்-மணி. நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் மூன்று யூனிட்கூட இல்லை. சின்ன ஃபேனுக்குத் தாராளம். 600 வாட் எடுக்கும் சிறிய ஏசியை வைத்தால் ஐந்து மணி நேரத்துக்குள் பேட்டரி காலி. காலையில் செல்ஃப் எடுக்காது.

2023 டிசம்பரில் வந்த அரசாணைப்படி 2025 முதல் புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கம்பெனி வைத்துத் தரும் ஏசியின் கம்ப்ரஸர் எஞ்சினிலிருந்து பெல்ட் மூலம் சுற்றுவது. ஓடும்போது குளிர்ச்சி, நின்று தூங்கும்போது எஞ்சினை அணைத்தால் ஏசியும் நின்றுவிடும். அணைக்காமல் விட்டால் மணிக்கு இரண்டு லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எட்டு மணி நேரத்துக்கு 16 லிட்டர், 1,440 ரூபாய். டெல்லிக்கு ஐந்து இரவு என்றால் 80 லிட்டர், 7,200 ரூபாய்.

அதை யார் கொடுப்பது? பல இடங்களில் நடைக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு வைத்துத்தான் டீசல். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, கூடினால் பேட்டாவில் பிடித்தம். ஓட்டிய தூரத்துக்குத்தான் கூலி. தூங்கிய நேரத்துக்கும், லோடு இறக்கக் காத்துக் கிடந்த இரண்டு நாளுக்கும் பெரும்பாலும் கிடையாது. அப்படியிருக்க எந்த டிரைவர் ஏசியைப் போட்டுத் தூங்குவார்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் நெடுந்தூர டிரைவருக்குப் பெரும்பாலும் மைல் கணக்கில்தான் கூலி. 1938-இல் அங்கே கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் என்ற சட்டம் வந்தபோதே, மாநிலம் விட்டு மாநிலம் போகும் லாரி டிரைவர்களை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். அங்கும் இரவெல்லாம் எஞ்சினை ஓடவிட்டுத்தான் தூங்கினார்கள். 2008 முதல் கலிபோர்னியாவில் படுக்கை வைத்த லாரியானாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் எஞ்சினைச் சும்மா ஓடவிடக் கூடாது என்றானது. அதற்கு மாற்றாக, படுக்கைக்கு மட்டும் மின்சாரமும் குளிர்ச்சியும் தரும் சிறு எஞ்சினைத் தனியாகப் பொருத்துகிறார்கள். 2005-லேயே அங்கே ஒரு சட்டம், அந்தக் கருவியின் எடைக்காக 400 பவுண்ட், அதாவது சுமார் 180 கிலோ வரை, எடை வரம்பில் சலுகை தர வழி செய்தது. டிரைவரின் தூக்கத்துக்காக ஓனர் லோடு இழக்கக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

நம் பக்கமும் தனி பேட்டரியில் ஓடும் ஏசியைச் சிலர் பொருத்துகிறார்கள். அந்தச் செலவும், காத்திருக்கும் நாளுக்கான படியும் வாடகைக்குள் வராதவரை அது ஓனருக்கும் டிரைவருக்கும் நடுவில் சண்டையாகத்தான் இருக்கும். சரக்குக்குச் சொந்தக்காரர் இந்தப் பேச்சிலேயே இல்லை.

லாரிக்குப் போன மாணவர்களும், கிளீனராக இருந்து ஓனரான மாமன் மச்சான்களும் கீழே எழுதுங்கள். உங்கள் காலத்தில் நடைக்குப் பேட்டா எவ்வளவு, இரண்டாவது டிரைவர் எந்த வருடம் வரை கூட வந்தார், இரவில் எங்கே படுத்தீர்கள்? ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம் என்றிருக்கிறேன்.