நின்றுபோன விலைப்பலகை

எங்கள் அப்பா கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் முப்பது வருஷம் சைடராக, நூற்பு யந்திரத்தில் அறுந்த இழையை ஒட்டுபவராக, இருந்தவர். அவர் பார்த்த ரிங் பிரேம் யந்திரத்தின் தலைமாட்டில் வார்ப்பிரும்பு எழுத்தில் 'பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம்' என்று புடைத்திருக்கும். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஷிஃப்ட் ஏறியதும் அந்த எழுத்தில் படிந்த பஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். ஓல்டாம் மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர் என்பது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் ஊரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவனுக்கு, அசல் மான்செஸ்டரைப் பார்க்க ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது.

அந்த ஊரில் பஞ்சு வாசனையே இல்லை. ஆன்கோட்ஸ் பகுதியில் 1798இல் நீராவியால் ஓடத் தொடங்கிய மர்ரே மில் இப்போது அடுக்குமாடி வீடுகள். 2023இல் திறந்த பெரிய கலையரங்கை நடத்தும் அமைப்பின் பேர் 'ஃபேக்டரி இன்டர்நேஷனல்'. அந்தப் பேர்கூட மில்லிலிருந்து நேராக வந்ததில்லை, 1978இல் தொடங்கிய உள்ளூர் இசைத்தட்டுக் கம்பெனி வழியாக வந்தது!

நான் அதிக நேரம் நின்றது ராயல் எக்ஸ்சேஞ்சில். பஞ்சும் நூலும் துணியும் கைமாறிய மண்டபம் அது. முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் சுமார் 11,000 உறுப்பினர்கள். செவ்வாயும் வெள்ளியும் சந்தை கூடும். இன்ன வியாபாரி இன்ன தூணடியில் நிற்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். பேரம் வாய்ப்பேச்சிலேயே முடியும். 1913இல் இந்த வட்டாரம் ஏற்றுமதி செய்த துணி 700 கோடி கஜம் என்றால், அதில் ஏறக்குறைய 300 கோடி கஜம் நம் நாட்டுத் தலையில் கட்டியது. சந்தை பிறகு சரிந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்து எங்கள் ஊரில் ஆலைகள் வரிசையாக எழும்பியபோது, இங்கே ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

1968 கடைசியில் வியாபாரம் நின்றது. அன்றைய விலைகள் இன்னும் சுவரின் உச்சியில் ஒரு விலைப்பலகையில் அப்படியே இருக்கின்றன. அதற்குக் கீழே 1976 முதல் நாடகம் நடக்கிறது. நாடக அரங்கை, இரும்பும் கண்ணாடியுமாக ஏழு பக்கக் கூண்டாகச் செய்திருக்கிறார்கள். சுமார் 150 டன். அவ்வளவையும் தரை தாங்காது என்பதால், குவிமாடங்களைச் சுமக்கும் நான்கு தூண்களிலிருந்து தொங்கவிட்டார்கள். எனக்கு நாடகத்தைவிட அந்தத் தூண்கள்மேல்தான் கண். இடைவேளையில் ஒயின் கோப்பையோடு வந்தவர்கள் யாரும் பலகையை அண்ணாந்து பார்க்கவில்லை. விலையை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். நூற்றவர் கூலியை எந்தப் பலகையிலும் காணோம்.

மறுநாள் அறிவியல் தொழில் அருங்காட்சியகம் போனேன். 1830இல் லிவர்பூலுக்கு ரயில் புறப்பட்ட பழைய ஸ்டேஷனில்தான் இருக்கிறது. அங்கே பழைய யந்திரங்களைக் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டுகிறார்கள். தறிக்கூடத்து இரைச்சலில் காது கேட்காததால் பெண்கள் வாயசைவிலேயே பேசிக்கொள்வார்களாம். அதற்கு 'மீ-மா' என்று பேரே உண்டாம். அப்பா வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். "இதென்னங்க மில்லா? மெல்லப் பேசுங்க" என்று அம்மா தினமும் சலித்துக்கொள்வார்.

யந்திரம் ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கை பரபரத்தது. நின்றதும், இழை அறுந்தால் இங்கே எப்படி ஒட்டுவார்கள் என்று ஓட்டிக் காட்டிய பெண்ணிடம் கேட்டேன். பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு உரக்கக் கேட்டிருக்கிறேன்.