குடல் புற்று மருந்து கண்ணுக்கு வந்த கதை

சிலருக்குப் பார்வை நரம்பின் தலைப்பகுதியில் சுண்ணாம்புச் சத்து மணிமணியாகப் படிந்திருக்கும். மருத்துவர்கள் அதை ட்ரூசன் என்பார்கள். நூறு பேரில் ஓரிருவருக்கு இருக்கலாம். பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையே இல்லை. அபூர்வமாகச் சிலருக்கு, குழந்தைகளுக்கும்கூட, படிவின் ஓரத்தில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துவிடும். வலுவில்லாத குழாய்கள். அவற்றிலிருந்து கசியும் நீரும் ரத்தமும் விழித்திரைக்கு அடியில் தேங்கும். கசிவு மையத்தை எட்டினால் எழுத்து மங்கும், நேர்க்கோடு நெளியும்.

முன்பு இந்தக் குழாய்களை லேசரால் சுட்டார்கள். சுட்ட இடம் தழும்பாகி, அங்கே பார்வை போய்விடும். நரம்பை ஒட்டிச் சுடுவதோ இன்னும் ஆபத்து; பார்வையைச் சுமக்கும் இழைகள் எல்லாம் அங்கேதான் வந்து கூடுகின்றன.

விழித்திரையிலிருந்து பரவும் ஏதோ ஒரு பொருள்தான் குழாய்களை வளர்க்கிறது என்று 1948-இலேயே ஐசக் மைக்கேல்சன் ஊகித்திருந்தார். 1971-இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய ரத்தக்குழாய்களைத் தானே வரவழைத்துக்கொள்கிறது என்றார். பலர் நம்பவில்லை. 1989-இல் கலிஃபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியோனே ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரி செல்களிலிருந்து குழாய் வளர்க்கும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். விஇஜிஎஃப் என்று பெயர் வைத்தார்கள். அதை மடக்கும் பெவாசிஸுமாப், அவாஸ்டின் என்ற பெயரில் 2004-இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

கண்ணுக்கென்று அதே நிறுவனம் ரானிபிஸுமாப் என்ற சிறிய மூலக்கூறைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அது கைக்கு வரும்வரை நோயாளிகளின் பார்வை பொறுத்திருக்குமா? மயாமியின் பாஸ்கம் பால்மர் கண் நிலையத்தில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் முதலில் அவாஸ்டினை ரத்த நாளம் வழியே செலுத்திப் பார்த்தார். 2005-இல் துளியளவை நேரே கண்ணுக்குள் ஊசியாகப் போட்டார். மூப்பினால் விழித்திரை கெட்ட ஒருவருக்கு, ஒரே வாரத்தில் எடுத்த ஸ்கேனில் தேங்கிய நீர் வற்றியிருந்தது! இந்தத் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவாஸ்டின் குப்பியில் இருந்தது 4 மில்லிலிட்டர். கண்ணுக்குத் தேவை 0.05 மட்டும். பிரித்துக் கொடுத்தால் ஓர் ஊசி அப்போது சுமார் 50 டாலர்தான் ஆனது. 2006-இல் வந்த ரானிபிஸுமாப் ஊசியோ அப்போது சுமார் 2,000 டாலராக இருந்தது. இரண்டும் பார்வையை ஒரே அளவில் காக்கின்றன என்று 2011-இல் அமெரிக்க அரசு நிதியில் நடந்த ஒப்பாய்வு காட்டியது.

ட்ரூசன் நோயாளிகளுக்கு இந்த ஊசி வந்தது இந்த வழியில்தான். அவர்களுக்கென்று பெரிய ஆய்வு நடத்த ஆட்கள் போதாது. ஒவ்வொரு நோயாளியின் அனுபவத்தையும் மருத்துவர்கள் எழுதி வைத்துத்தான் நம்பிக்கை வளர்ந்தது. சிலருக்குச் சில ஊசிகளிலேயே குழாய் சுருங்கிக் கசிவு நிற்கிறது. படிவு கரையாது; அதற்கு இன்றும் மருந்து இல்லை.

உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ ட்ரூசன் இருப்பதாகச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பாருங்கள். கதவு நிலை வளைந்து தெரிந்தால் தள்ளிப்போடாமல் விழித்திரை மருத்துவரிடம் போங்கள்.